செபமாலைக்கு நாலடி தள்ளி ஒரு துப்பாக்கிச் சண்டை

அன்பியத்தில் அந்த வாரம் பகிர்வுக்கு வந்த தலைப்பைக் கேட்டதும் எனக்கு உள்ளுக்குள் ஒரு சந்தோஷம். "கைப்பேசி விளையாட்டுகளும் நம் குடும்பங்களும்" என்று ஃபாதர் எழுதி அனுப்பியிருந்தார். எனக்காகவே எழுதியது போல இருந்தது.

அன்பியம் என்பது எங்கள் பங்குக் கோயிலைச் சேர்ந்த அக்கம்பக்கத்து வீட்டுக்காரர்களின் செபக் கூட்டம். விம்கோ நகரில் எங்கள் தெருவும் அடுத்த இரண்டு தெருக்களும் சேர்ந்து இருபத்தைந்து குடும்பங்கள். வாரம் ஒரு வீட்டில் கூடுவோம். வசனம் வாசித்து முடித்ததும் அவரவர் மனசில் பட்டதைச் சொல்ல வேண்டும். கடைசியில் டீயும் சுண்டலும். நான் எட்டாம் வகுப்போடு நின்றவள்தான், ஆனாலும் பகிர்வில் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்தவள் இல்லை. அந்த வாரக் கூட்டம் எங்கள் வீட்டிலேயே விழுந்தது.

என் குறை எல்லாம் என் வீட்டுக்காரரைப் பற்றித்தான். அவருக்கு ஐம்பத்து நாலு வயது. மணலியில் ஒரு தொழிற்சாலையில் முப்பது வருஷமாக பாய்லர் ஆபரேட்டர். அந்தச் சத்தத்தில் நின்று நின்று காது கொஞ்சம் மந்தம். குடி கிடையாது, சீட்டு கிடையாது. இப்படிப்பட்ட மனுஷனுக்குப் போன வருஷம் அவர் ஷிப்டைச் சேர்ந்த மூன்று பேர் ஒரு துப்பாக்கி விளையாட்டைச் சொல்லிக்கொடுத்தார்கள். விமானத்திலிருந்து நூறு பேர் ஒரு தீவில் குதிக்கிறார்கள். கண்ணில் பட்டவனை எல்லாம் சுட வேண்டும். கடைசியில் உயிரோடு இருப்பவன் ஜெயித்தவன். நாலு பேர் ஒரு கட்சி. ஒருத்தருக்கொருத்தர் போனிலேயே பேசிக்கொண்டு ஆடுவார்கள். மதிய ஷிப்ட் இல்லாத வாரமெல்லாம் சாயங்காலம் ஏழு மணிக்கு அவர் கட்டிலில் சாய்ந்து, காதில் ஒயரை மாட்டி, சத்தத்தை முழுசாக வைத்துக்கொண்டு தீவில் குதித்துவிடுவார்.

அதே ஏழு மணிக்குத்தான் நான் மாதா படத்துக்கு முன்னால் மெழுகுவத்தி ஏற்றிச் செபமாலையைக் கையில் எடுப்பேன். எங்களுக்கு ஒரே ஹால். மாதா மாடத்துக்கும் அவர் கட்டிலுக்கும் நாலடி இருக்கும். கல்யாணம் ஆன நாளிலிருந்து செபமாலையின் ஒவ்வொரு மணிக்கும் செபத்தின் முதல் பாதியை நான் சொன்னால் இரண்டாம் பாதியை அவர் சொல்வார். மகள் பிறந்து, வளர்ந்து, கட்டிக்கொடுத்துப் பொன்னேரிக்குப் போன பிறகும் அது நிற்கவில்லை. போன வருஷம் நின்றது. முதல் பாதியும் நானே, இரண்டாம் பாதியும் நானே என்று ஆனது.

அன்றைக்கு ஹால் நிறைந்து வாசல்படி வரை ஆள் உட்கார்ந்திருந்தார்கள். அவரும் கட்டிலின் ஒரு மூலையில் ஒடுங்கி உட்கார்ந்திருந்தார். வசனம் முடிந்தது. முதலில் யார் பேசுவது என்று எல்லாரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். எங்கள் தலைவி அக்காதான் தொண்டையைக் கனைத்தார். அறுபது வயது, கைம்பெண், ஞாயிறு பூசை ஒன்றைக்கூடத் தவறவிட்டதில்லை.

"நான் பொய் சொல்ல மாட்டேன், வசனம் வாசிச்ச வாய்," என்றார். "நானும் ஆடறேன். ஒரே கலரு மிட்டாயி மூணு சேத்தா வெடிக்கும். ஆயிரத்து எரநூறாவது கட்டம் வந்துட்டேன்."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. நான் மட்டுமா, எல்லாரும் நிமிர்ந்துவிட்டோம்.

"ஆயிரத்து எரநூறா! அப்ப எப்ப சோறாக்கறே?" என்று கேட்டார் துறைமுகத்தில் சரக்கு இறக்கும் வின்ச் ஓட்டி ரிட்டையரான பெரியவர்.

"உங்களுக்கு இன்னா, நீங்க ஆடலியா?"

"ஆடறேன், இல்லேங்கல. கேரம். எதிர்ல ஆடறவன் எந்த ஊருன்னே தெரியாது. பேசவும் மாட்டான். ஆனா செவப்புக் காயை என்னிக்கும் எனக்கு வுட்டுக்குடுக்க மாட்டான், கஞ்சப்பய."

ஆளாளுக்கு வாய் திறந்துவிட்டது. தலையில் கூடை வைத்து மீன் விற்கும் தங்கச்சி எழுந்தே நின்றாள். "எனக்கு நாலு ஏக்கர் நெலம் கீது," என்றாள்.

"எங்கடி கீது உனக்கு நெலம்?"

"போன்லதான். கோஸு போட்டுக்கீறேன், சோளம் போட்டுக்கீறேன், பசு நாலு கீது. நம்ம தெருவுல மழ பேஞ்சா வூட்டுக்குள்ள தண்ணி வந்து நிக்குது. அங்க எப்ப பாரு நல்ல வெயிலு. எனக்கு அது போதும்."

எல்லாரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இவ்வளவு பக்தியான ஜனம் இத்தனை நாளாக எங்கெங்கோ போய் வந்துகொண்டிருந்திருக்கிறது, எனக்கு மட்டும் தெரியவில்லை. என் முறை வந்தது. மனசில் இருந்ததை எல்லாம் கொட்டினேன்.

"மிட்டாயி வெடிக்கறது, கோஸு போடறது எல்லாம் போவட்டும். கொலை செய்யாதேன்னு அஞ்சாம் கட்டளை கீதா இல்லியா? என் வூட்டுக்காரர் தெனம் நாப்பது பேரை சுடறாரு. மாதா கண்ணு முன்னாலயே சுடறாரு. அவருக்காக எல்லாரும் வேண்டிக்குங்க."

மூலையிலிருந்து அவர் சொன்னார்: "நாப்பது இல்ல. நேத்து ஒம்போது."

"இந்த வயசுல ஒம்போதா!" என்று தொடையில் தட்டினார் வின்ச் ஓட்டிய பெரியவர். அதற்கப்புறம் பத்து நிமிஷம் யாராலும் செபம் சொல்ல முடியவில்லை. சிரிப்பு அடங்கியதும் தலைவி அக்கா அவரைப் பார்த்து, "நீங்களும் ஒரு வார்த்தை பகிர்ந்துக்குங்க தம்பி, இன்னாத்துக்கு ஆடறீங்க?" என்று கேட்டார்.

அவர் கொஞ்சம் யோசித்தார். "எட்டு மணி நேரம் பாய்லர் பிரஷர் கேஜைப் பாத்துக்கினு நிக்கறேன். ஒண்ணும் நடக்கக் கூடாது, அதான் என் வேலை. முப்பது வருஷமா ஒண்ணும் நடக்காம பாத்துக்கறேன். ஏழு மணிக்காவது ஏதாச்சும் நடக்கட்டுமேன்னுதான்."

கூட்டத்தில் பலர் தலையாட்டினார்கள். நான் ஆட்டவில்லை. என் கோபத்துக்கு அந்தக் கூட்டத்தில் சொல்ல முடியாத இன்னொரு காரணம் இருந்தது.

கூட்டத்துக்கு ஏறக்குறைய நாலு மாசம் முன்னால், விபூதிப் புதனோடு தவக்காலம் தொடங்கிய வாரத்தில், குளிக்கும்போது இடது மார்பில் ஒரு கட்டி கையில் தட்டுப்பட்டது. சுண்டைக்காய் அளவு. வலி கிடையாது. வலி இல்லாததுதான் எனக்குப் பயம். என் அக்காவுக்கும் அப்படித்தான் வந்தது. ஆஸ்பத்திரியில் கத்தி வைத்தார்கள், ஒரு வருஷத்தில் போய்விட்டாள். கத்தி பட்டதால்தான் பரவியது என்று எங்கள் வீட்டில் எல்லாரும் பேசினார்கள். நானும் அதையே நம்பினேன். அதனால் டாக்டரிடம் போகவில்லை. மகளுக்குச் சொல்லவில்லை, அவள் அப்போது முழுகாமல் இருந்தாள். இவருக்கும் சொல்லவில்லை. சொன்னால் அடுத்த நிமிஷம் ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போவார், கத்தி வைத்துவிடுவார்கள். மாதாவிடம் மட்டும் சொன்னேன்.

எங்கள் அம்மா எங்களுக்குப் பழக்கியது ஒன்று உண்டு. செபமாலை முடிந்ததும் மன்றாட்டை வாய் திறந்து, ஆள் பேர் சொல்லி, இன்ன குறை என்று தெளிவாகக் கேட்க வேண்டும். மனசுக்குள் நினைத்தால் அது நினைப்புதான், மன்றாட்டு ஆகாது என்பாள். அதோடு எங்கள் வீடு ரயில் பாதையை ஒட்டினது. ஏழு மணியிலிருந்து ஏழரைக்குள் எப்படியும் இரண்டு மூன்று வண்டி போகும். வண்டி போகும்போது செபத்தை நிறுத்தக் கூடாது, குரலைத்தான் உயர்த்த வேண்டும் என்பது என் வழக்கம். ஆகவே நான் எதையும் உரக்கத்தான் சொல்வேன்.

"தாயே, என் இடது மார்ல இருக்கிற கட்டியக் கரைச்சுடு. கத்தி படாம கரைச்சுடு. அவருக்குத் தெரியாமலே கரைச்சுடு" என்று தினம் கேட்டேன். பிறகு மகளின் பிரசவம், அவள் மாமியாரின் வாய், எங்கள் தலைவி அக்காவின் பெருமை கொஞ்சம் குறைய வேண்டும் என்பது, இப்படி வரிசையாகப் போகும். முடிவில் அந்த விளையாட்டு. "அவரைக் கெடுக்கற அந்த மூணு பேரு போனையும் கடல்ல தள்ளிடு தாயே" என்று முடிப்பேன்.

இவ்வளவையும் அவருக்கு நாலடி பக்கத்தில் உட்கார்ந்துதான் சொன்னேன். காதில் குண்டுச் சத்தம் நிரம்பியவருக்கு நான் சொல்வது எப்படிக் கேட்கும்? அவரை ஒரு சுவராகவே நினைத்துக்கொண்டேன். ஆனால் ஒரு நாளாவது காதில் இருப்பதைக் கழற்றிவிட்டு, "இன்னாமே சொல்றே?" என்று திரும்பிக் கேட்க மாட்டாரா என்கிற ஆசையும் எனக்கு இருந்தது. தெரியக் கூடாது என்றும் வேண்டினேன், கேட்க மாட்டாரா என்றும் காத்திருந்தேன். இது இரண்டும் ஒரே மனசில்தான் இருந்தது.

கட்டி கரையவில்லை. சுண்டைக்காய் நெல்லிக்காய் ஆனது.

அன்பியக் கூட்டம் நடந்து எட்டு நாள் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை. பூசை முடிந்து வந்து நான் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். வாசலில் ஒரு பைக் வந்து நின்றது. என் வீட்டுக்காரரோடு அதே தொழிற்சாலையில் எலக்ட்ரீசியனாக இருக்கும் பாய். தண்டையார்பேட்டையில் வீடு. விளையாட்டில் அந்த நாலு பேரில் ஒருத்தர் அவர்தான். பின்னால் அவர் மனைவி, கறுப்பு புர்காவில். அந்தப் பெண்ணை நான் அதுவரை பார்த்ததே இல்லை.

"அண்ணி, நல்லா கீறீங்களா?" என்றவர் என் முகத்தை நேராகப் பார்க்காமல் காலைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு என் வீட்டுக்காரரிடம், "மாமு, வா, அந்த மோட்டார் எரியுதுன்னியே, பாத்துடலாம்" என்று பின்பக்கம் கூட்டிக்கொண்டு போய்விட்டார்.

அந்தப் பெண் என் பின்னாலேயே சமையல்கட்டுக்குள் வந்தாள். முப்பத்தைந்து வயது இருக்கும். முகத்துணியை மேலே தள்ளிவிட்டுக்கொண்டாள். நெற்றியெல்லாம் வேர்வை. கதவுப் பக்கம் ஒரு தடவை பார்த்துவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா, மார்ல கட்டி கீதே, டாக்டர்கிட்ட காமிச்சீங்களா?"

என் கையிலிருந்த வெங்காயம் கீழே விழுந்தது.

நான் பெற்ற மகளுக்குத் தெரியாது. தாலி கட்டியவருக்குத் தெரியாது. பாவசங்கீர்த்தனத்தில் ஃபாதரிடம்கூடச் சொல்லவில்லை. பூமியில் ஒரு மனுஷருக்கும் தெரியாத ஒன்றை முன்பின் பார்த்திராத பெண் என் சமையல்கட்டில் நின்று கேட்கிறாள். உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. மாதா யாரைக் கொண்டும் பேசுவாள் என்று சின்ன வயசிலிருந்து கேட்டு வளர்ந்தவள் நான். என் வீட்டுக்கே ஆள் அனுப்பிவிட்டாள் என்றுதான் அந்த நேரத்தில் நினைத்தேன். அந்த ஈரத் தரையிலேயே முழங்காலில் நின்றுவிட்டேன்.

"அய்யய்யோ, இன்னாக்கா இது? எழுந்திரிங்க, யாராவது வரப்போறாங்க!"

"உனக்கு யாரும்மா சொன்னது? மாதா சொன்னாங்களா?"

அவள் முழித்தாள். உதட்டைக் கடித்தாள்.

"இல்லக்கா," என்றாள். "கேம்ல கேட்டுச்சு."

எனக்கு விளங்கவில்லை. அவள் என்னைத் தூக்கி நிறுத்தி, அரிசி டப்பா மேல் உட்கார வைத்து, சின்னப் பிள்ளைக்குச் சொல்வது போலச் சொன்னாள். என் வீட்டுக்காரர் காதில் மாட்டும் ஒயரில் ஒரு மைக் தொங்குகிறது. அவர் பேசுவது மட்டும் இல்லை, அவரைச் சுற்றி நடக்கிற பேச்சும் அதில் போய்விடும். மற்ற மூன்று பேர் போனிலும் கேட்கும்.

"எங்க வூட்டுக்காரருக்குக் காதுல மாட்டினா வலிக்கும்க்கா. சத்தமா வெச்சிதான் ஆடுவாரு. எங்களுக்கும் ஒரே ரூமுதான். அவரு சுட்டுக்கினு இருப்பாரு, நான் அடுப்புகிட்ட நிப்பேன், நீங்க வேண்டிக்கினு இருப்பீங்க. ரயிலு வந்தா இன்னும் நல்லா கேக்கும். சாயங்காலம் மஃரிப் தொழுதுட்டு வந்தா உங்க கொரலுதான். ஒரு நாள் கேக்கலேன்னா, அக்காவுக்கு இன்னா ஆச்சோன்னு இருக்கும்."

"எல்லாமா கேட்டுச்சு?"

"எல்லாந்தான்."

"மக மாமியா சமாச்சாரம்?"

"ம்."

"எங்க தலைவி அக்கா..."

அவள் வாயைப் பொத்திக்கொண்டு தலையாட்டினாள். வெட்கத்தில் எனக்குக் காது சுட்டது. உலகத்திலேயே யாரும் கேட்காத இடம் என்று நான் நினைத்த இடத்தில் இத்தனை பேர் உட்கார்ந்திருந்திருக்கிறார்கள். கதவைச் சாத்திக் குளிப்பதாக நினைத்துக்கொண்டிருந்தவளுக்கு, கதவே இல்லை என்று யாரோ சொன்னது போல.

"போனு கடல்ல விழணும்னு சொன்னது..."

"அவங்க மூணு பேரும் அதுக்கு விழுந்து விழுந்து சிரிப்பாங்கக்கா. அண்ணி சொன்னா பலிச்சிடும்னு இவரு எண்ணூர் கடலோரம் போவும்போது போனை இறுக்கிப் புடிச்சிக்குவாரு." கொஞ்சம் குரலைத் தாழ்த்தினாள். "அதுக்கு மட்டும் ஆமீன் நான்தான் சொல்லிக்கினு இருந்தேன்."

அந்த நிலைமையிலும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரிப்பு அப்படியே அழுகையாகிப்போனது. அவள் என் தலையை அவள் வயிற்றோடு சேர்த்துக்கொண்டாள்.

"மொதல்ல ஏதோ கொப்புளம்னு நெனச்சேன்க்கா. அப்புறம் வெளங்குச்சு. அண்ணன்கிட்ட கேளுங்கன்னு இவருகிட்ட சொன்னா, ஒருத்தர் பொண்டாட்டி மார்ல கட்டின்னு நான் எப்படிடீ அவருகிட்ட கேப்பேன், அவருக்குத் தெரியக் கூடாதுன்னு அண்ணியே வேண்டிக்கறாங்களேங்கறாரு. போன வாரம் நீங்க 'வளருதே தாயே'ன்னு சொன்னீங்க. அன்னிலேருந்து எனக்குச் சோறு எறங்கல. நானும் அல்லாகிட்ட துஆ கேட்டேன். கேட்டுட்டு சும்மா உக்கார முடியல, அதான் இவரை இழுத்துக்கினு வந்துட்டேன்."

கத்தி பட்டால் பரவிவிடும் என்று அவளிடம் சொன்னேன். என் அக்கா கதையைச் சொன்னேன்.

"எங்க மாமிக்கும் இதே கட்டிதான். ஏழு வருஷத்துக்கு முன்னால கத்தி வெச்சாங்க. இன்னிக்குக் காலைல கூட என்னோட சண்ட போட்டுட்டுதான் டீயே குடிச்சிச்சு. சும்மா பேஜாரு பண்ணாதீங்கக்கா. அவருகிட்ட நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டுமா?"

நானே சொல்வதாகச் சொன்னேன். வீட்டுக்குப் போய்ச் சேர்ந்ததும் போன் பண்ணுவதாகவும், அதற்குள் சொல்லி முடித்திருக்க வேண்டும் என்றும் கெடு வைத்துவிட்டுப் போனாள். மோட்டாரில் கோளாறு ஒன்றும் இல்லையாம். பாய் அதைக் கழற்றி மாட்டிக்கொண்டே அரை மணி நேரம் ஓட்டியிருக்கிறார்.

அவர் கை கழுவிவிட்டு வந்து கட்டிலில் உட்கார்ந்தார். "இன்னா, பாய் பொண்டாட்டியோட அவ்ளோ நேரம் பேச்சு?" என்று கேட்டார். நாலு மாசமாகத் தினம் திறந்த வாய் எனக்குத் திறக்கவே இல்லை. மணலி பக்கமிருந்து காற்று திரும்பி, தொழிற்சாலைப் புகையின் அந்தப் புளிச்ச வாடை அடித்தது. எழுந்து போய் ஜன்னலைச் சாத்தினேன். அவருக்கு முதுகு காட்டிக்கொண்டு, ஜன்னல் கம்பியிடம் சொல்வது போலச் சொல்லிவிட்டேன்.

பின்னால் கட்டில் கிரீச்சிட்டது.

"எந்தப் பக்கம்?" என்றார்.

"எடது."

"எவ்ளோ நாளா?"

"ஒரு மாசமா" என்றேன். பொய். அவர் முகத்தைப் பார்க்காமலே சொன்ன பொய்.

"பாய் பொண்டாட்டிக்கு யாரு சொன்னா?"

அதையும் சொன்னேன். அவருக்கு முதலில் புரியவில்லை, பிறகு புரிந்தது. கட்டிலில் கிடந்த ஒயரை எடுத்து அந்தச் சின்ன மைக்கை விரலால் தடவிப் பார்த்தார். "பின்னாடி ஏதோ சத்தம் வருதுன்னு சொன்னானுங்க ஒரு தபா. முணுமுணுப்புதான் கேக்கும்னு நெனச்சேன்" என்றார். பிறகு என்னைப் பார்த்தார்.

"தெனம் சொன்னியா?"

"தெனம்."

"சத்தமாவா?"

"ரயிலு போவும்போது கூட கேக்கற மாதிரி."

"நான் அப்ப இன்னா பண்ணிக்கினு இருந்தேன்?"

வேறு எதையாவது சொல்லியிருக்கலாம். வாயில் வந்தது உண்மைதான்.

"சுட்டுக்கினு இருந்தீங்க."

அவர் எழுந்து சட்டையை மாட்டினார். பொத்தான் ஒன்று மாறிப் போட்டிருந்தார். "கெளம்பு" என்றார். ஞாயிற்றுக்கிழமை ஓ.பி. கிடையாது என்றேன். அப்படியும் சட்டையைக் கழற்றவில்லை. பொழுது சாயும் வரைக்கும் அதே சட்டையோடு ஹாலில் நடந்துகொண்டே இருந்தார். ஏழு மணிக்கு நான் மெழுகுவத்தி ஏற்றினேன். அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். இரண்டாம் பாதியை ஆரம்பித்தவருக்கு இடையில் வார்த்தை மறந்துவிட்டது. நான் எடுத்துக் கொடுத்தேன்.

இதைப் படிக்கிறவர்கள் பயந்துகொண்டே படிக்க வேண்டாம் என்பதால் நடந்ததை முன்னாலேயே சொல்லிவிடுகிறேன். கட்டி கெட்டதுதான். கத்தி வைத்தார்கள். ஒரு பக்கம் எடுத்தாகிவிட்டது. ஊசி மருந்தில் முடி கொட்டி, இப்போது பூனை மயிர் போல முளைத்திருக்கிறது. வேறெங்கும் பரவவில்லை என்று போன மாதம் சொன்னார்கள். பேத்தி பிறந்துவிட்டாள், அவளைத் தூக்குமளவுக்குக் கையில் பலம் வந்திருக்கிறது.

எங்கள் அன்பியத்தில் இதை ஒரு சாட்சியமாகச் சொல்லச் சொல்கிறார்கள். அந்த விளையாட்டைப் பற்றி இப்போது என்ன நினைக்கிறாய் என்று மீன் விற்கும் தங்கச்சி கேட்டுக்கொண்டே இருக்கிறாள். துப்பாக்கி விளையாட்டு நல்லது என்று என்னால் சொல்ல முடியவில்லை. ஒருத்தனைச் சுட்டுவிட்டுச் சிரிப்பது எனக்கு இன்றைக்கும் பாவமாகத்தான் படுகிறது. மாதாதான் அந்த மைக்கைத் திறந்து வைத்தாள் என்று தலைவி அக்கா சொல்கிறார். இருக்கலாம். ஆனால் மூன்று ஆம்பிளைகள் என் மார்பைப் பற்றி மாதக்கணக்கில் கேட்டுக்கொண்டு, எனக்காக வருத்தப்பட்டுக்கொண்டே சுட்டுக்கொண்டிருந்தார்கள் என்பதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குத் திக்கென்கிறது. அவர்கள் மேல் கோபப்படவும் முடியவில்லை, நன்றி சொல்லவும் வாய் கூசுகிறது. பாய் வந்தால் இப்போதும் என் காலைத்தான் பார்க்கிறார். நானும் அவர் காலைத்தான் பார்க்கிறேன்.

என் வீட்டுக்காரர் விளையாட்டை விடவில்லை. செபமாலை முடிந்த பிறகு ஆடுகிறார், ஒரு காதில் மட்டும் மாட்டிக்கொண்டு. இன்னொரு காது சும்மா இருக்கிறது.

ஆனால் நான் எழுத உட்கார்ந்தது அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு மறுநாள், திங்கட்கிழமைக் காலைக்காக. அரசாங்க ஆஸ்பத்திரி ஓ.பி.யில் பெண்கள் வரிசை வாசலைத் தாண்டி நின்றது. பாய் மனைவி எங்களுக்கு முன்னாலேயே வந்து எனக்கு இடம் பிடித்து நின்றிருந்தாள். பதினொன்றரைக்கு என் பெயரைக் கூப்பிட்டார்கள். இவர் என்னோடு உள்ளே வந்தார். மேசைக்குப் பின்னால் என் மகள் வயசில் ஒரு டாக்டரம்மா. நான் சொல்வதைக் கேட்டுக்கொண்டே எழுதினார்.

"எத்தனை மாசமா இருக்கு?"

முந்தின நாள் சொன்ன 'ஒரு மாசம்'தான் முதலில் நாக்கில் வந்தது. பக்கத்தில் இவர் நிற்கிறார். டாக்டரிடம் பொய் சொன்னால் மருந்து மாறிப்போகும், இவரிடம் சொன்ன பொய் இப்போது உடைந்துவிடும். பேனா காத்துக்கொண்டிருந்தது.

"நாலு மாசம்" என்றேன். "விபூதிப் புதன்லேருந்து."

இவர் என் பக்கம் திரும்பியது தெரிந்தது. நான் மேசையின் விளிம்பையே பார்த்துக்கொண்டு நின்றேன். டாக்டரம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது. பேனாவை வைத்தார்.

"நாலு மாசமா வெச்சுக்கிட்டு என்னம்மா பண்ணினீங்க? வீட்டுல ஆள் இல்லையா? ஒருத்தர்கிட்டகூடவா சொல்லல?"

நான் வாயைத் திறப்பதற்குள் இவர் பேசிவிட்டார். சத்தம் போட்டுப் பேசும் மனுஷன், அன்றைக்கு மெதுவாகப் பேசினார்.

"சொன்னா டாக்டர். தெனம் சொன்னா. எனக்குத்தான் கேக்கல."

டாக்டரம்மா அவருடைய காதைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். எழுந்து பச்சைத் திரையை விலக்கிப் பிடித்தார். நான் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனேன்.